5,000 பவுண்ட் இழுக்கும் எஸ்யூவியில் 3,600 பவுண்ட் டிரெய்லரை மாட்டலாமா?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிப்பவர்களுக்கும் உதவும். நார்த் கரோலினாவில் கேரியில் இருக்கிறீர்கள். வண்டி 2023 ஹோண்டா பைலட், ஆல் வீல் டிரைவ். நீங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். கோடையில் ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். எல்லோருமாக ஸ்மோக்கி மலையில் போய்த் தங்க, 3,600 பவுண்ட் உலர் எடையுள்ள டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். "பைலட் 5,000 பவுண்ட் இழுக்கும், வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் மட்டும் மாட்டிக்கொள்ளுங்கள்" என்கிறார் விற்பவர். வேறு என்னென்ன மாட்ட வேண்டும், பின்பக்க ஸ்பிரிங்கில் ஏர் பேக் போட்டால் போதுமா என்பது கேள்வி. கூடவே, ஓட்டுநர் கதவின் மஞ்சள் ஸ்டிக்கரில் 1,360 பவுண்ட் என்று இருப்பதையும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கொடுத்த தகவல்களிலேயே முக்கியமானது அந்த எண்தான்.

நேரடியான பதில்: அந்த டிரெய்லர் வேண்டாம். 3,000 பவுண்டுக்கு உட்பட்ட உலர் எடையில் ஒன்றைப் பாருங்கள். வாங்க வேண்டியவற்றில் முதலிடம் டிரெய்லரின் பிரேக்கை இயக்கும் பிரேக் கன்ட்ரோலருக்கு. அடுத்து டிரெய்லரை வண்டியோடு இணைக்கும் சரியான ஹிட்ச், ஏழு முனை வயரிங், டயர், கண்ணாடி. ஏர் பேக் தேவையில்லை. ஏன் என்று விளக்குகிறேன்.

5,000 என்ற எண் பொய்யில்லை. அமெரிக்காவில் இழுவைத் திறனை அளக்க எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 என்ற தர விதி இருக்கிறது. அதற்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு ஓர் எண்ணை அச்சடித்துக்கொண்டிருந்தது. இந்த விதியை முதலில் ஏற்றது டொயோட்டா, மற்றவர்கள் மெதுவாகப் பின்னால் வந்தார்கள். அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றம் என்று ஒரு சாலை உண்டு, சுமார் 11 மைல் நீளம். கொளுத்தும் வெயிலில், ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, டிரெய்லரோடு அதில் குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். எஞ்சின், கியர்பாக்ஸ், கூலிங் எல்லாம் தாங்குகிறதா என்று பார்க்கும் நல்ல சோதனை அது. ஆனால் இந்த அளவு வண்டிகளைச் சோதிக்கும்போது உள்ளே இருப்பதாக வைத்துக்கொள்ளும் ஆட்கள் எத்தனை பேர் தெரியுமா? இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்ட். அதற்கு மேல் ஹிட்ச் சாமான்களுக்குக் கொஞ்சம் எடை. பிள்ளைகள் இல்லை, பாட்டி தாத்தா இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, குக்கர் இல்லை.

ஆக 5,000 என்பது இரண்டு பேர் மட்டும் ஏறிப்போகும் பைலட்டின் எண். உங்கள் வண்டியின் கையேட்டில் டிரெய்லர் பகுதியைத் திறந்து பாருங்கள். ஆட்கள் கூடக் கூட இழுக்கலாம் என்ற எடை எப்படிக் குறைகிறது என்று ஹோண்டாவே அட்டவணை போடுவது வழக்கம். விற்பவர் அந்தப் பக்கத்தைக் காட்டியிருக்க மாட்டார்.

இப்போது மஞ்சள் ஸ்டிக்கருக்கு வருவோம். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,360 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அது சொல்கிறது. டிரெய்லரின் முன்பக்கம் உங்கள் ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் எடையும் இந்தக் கணக்கில்தான் வரும். இதைத்தான் டங் வெயிட் என்கிறார்கள். மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிப் பழகியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்: பின்பாரம் ஆனால் நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு மாட்டின் கழுத்தை நெரிக்கும், முன்பாரம் அதிகமானால் கழுத்தில் உட்கார்ந்து அழுத்தும். டிரெய்லரிலும் அதே இயற்பியல்தான், மாட்டின் இடத்தில் பைலட் நிற்கிறது. டங் வெயிட்டை இனி முன்பாரம் என்றே சொல்கிறேன்.

ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பாரமாக இருக்க வேண்டும். பத்துக்குக் கீழே போனால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். இந்த ஆட்டம்தான் டிரெய்லர் விபத்துகளிலேயே பயங்கரமானது. முன்பாரத்தைக் குறைத்து எடைக் கணக்கைச் சரிக்கட்டலாம் என்ற எண்ணமே வரக் கூடாது.

சரி, கணக்குப் போடுவோம். 3,600 என்பது உலர் எடை, அதாவது காலி டிரெய்லர். தொழிற்சாலை சொல்லும் அந்த எண்ணில் பெரும்பாலும் பேட்டரியும் கேஸும் சேராது. பேட்டரி 50, இரண்டு சிலிண்டர் கேஸ் 40, முப்பது கேலன் தண்ணீர் 250 (ஒரு கேலன் 8.3 பவுண்ட்), பாத்திரம், படுக்கை, மடக்கு நாற்காலி, குழாய்கள், மளிகை எல்லாம் சேர்த்து 400. மொத்தம் 4,340. அதில் பன்னிரண்டரை விழுக்காடு போட்டால் முன்பாரம் 540 பவுண்ட்.

வண்டிக்குள் பெரியவர்கள் நான்கு பேரும் பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து 710 என்று வைத்துக்கொள்கிறேன். ஹிட்ச், பந்தைத் தாங்கும் பால் மவுண்ட் 50. பெட்டி படுக்கை 150. முன்பாரம் 540. கூட்டினால் 1,450. ஸ்டிக்கர் எல்லையைவிட 90 பவுண்ட் அதிகம். அப்பா அம்மா வராத பயணத்தில் 1,170 ஆகும், அங்கே ஸ்டிக்கர் பிரச்சினை இல்லை. ஆனால் இன்னோர் எல்லை குறுக்கே வந்து நிற்கும்: 5,000 பவுண்ட் ஹிட்சுகளில் முன்பாரத்துக்கு உச்சவரம்பு பெரும்பாலும் 500 பவுண்ட்தான். ஹிட்ச்சில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே அது இருக்கும். இழுவைத் திறனில் 660 பவுண்ட் மிச்சம் இருக்கும்போதே மற்ற இரண்டு எல்லைகளையும் தாண்டிவிட்டீர்கள், பார்த்தீர்களா. நடுத்தர எஸ்யூவிகளில் கிட்டத்தட்ட எப்போதும் இதுதான் கதை.

இதையே 3,000 பவுண்ட் உலர் எடையுள்ள டிரெய்லருக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே சிலிண்டர், தண்ணீர் பத்து கேலன், சாமான் அளவாக. ஏற்றிய எடை 3,600 வரும். 12 விழுக்காட்டில் முன்பாரம் 430. நான்கு பேர் பயணத்தில் மொத்தம் 1,060, நிம்மதி. ஆறு பேர் போனால் 1,340. எல்லைக்குள்தான், ஆனால் மிச்சம் 20 பவுண்ட்: சரியாக ஒரு சோனா மசூரி மூட்டை. ஆறு பேரும் போகிற பயணத்துக்கு அரிசியையும் பெட்டிகளையும் இன்னொரு காரில் ஏற்றிவிடுவது நல்லது. அப்பா அம்மாவே அந்தக் காரில் வந்தால் இன்னும் நல்லது. டிரெய்லர் ஆட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வருவது அவர்களுக்கும் சுகமாக இருக்காது.

முன்பாரம் பின் அச்சின் மேல் நேராக உட்காருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். பைலட்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 114 அங்குலம். ஹிட்ச் பந்து பின் அச்சிலிருந்து ஏறக்குறைய நான்கு அடி பின்னால் நிற்கிறது. அது ஒரு நெம்புகோல். 540 பவுண்டைப் பந்தில் வைத்தால் முன் சக்கரங்களிலிருந்து சுமார் 227 பவுண்ட் கழன்று பின் சக்கரங்களுக்குப் போய்விடும். பின் அச்சு தாங்க வேண்டியது 540 அல்ல, 767. பைலட் அடிப்படையில் முன் சக்கர வண்டி. திருப்புவதும், பிரேக்கில் பெரும்பங்கும், இழுப்பதில் பெரும்பங்கும் முன் சக்கரங்களின் வேலை. அவற்றை லேசாக்கிவிட்டு மழையில் மலை இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் விற்பவர் சொன்ன வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் வருகிறது. இரண்டு ஸ்பிரிங் கம்பிகளின் முறுக்கத்தால் பின் அச்சில் குவிந்த பாரத்தின் ஒரு பகுதியை முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளிவிடும் கருவி அது. நல்ல கருவிதான். பெரிய பிக்அப்புகளில் குறிப்பிட்ட எடைக்கு மேல் அது கட்டாயம். ஆனால் ஹோண்டா தன் பைலட், ரிட்ஜ்லைன் (பிக்அப்) கையேடுகளில் இதைப் பரிந்துரைப்பதில்லை என்று எழுதியிருக்கிறது. சரியாக அமைக்காவிட்டால் கையாளுதலும் நிலைத்தன்மையும் பிரேக்கும் கெடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். தனிச் சட்டகம் இல்லாத, உடலே சட்டகமான வண்டியின் பின்பகுதியில் அந்த முறுக்கு விசை ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "நான் பத்து வருஷமா பைலட்ல அதைத்தான் போட்டு ஓட்டுறேன்" என்று சொல்லும் ஆட்கள் நிறைய. இருக்கலாம். என் கருத்து: வண்டியைச் செய்தவன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகு, அந்தக் கருவி இருந்தால்தான் ஓட்ட முடியும் என்கிற டிரெய்லரை வாங்கக் கூடாது. முன்பாரம் 430 அளவில் நின்றால் அந்தக் கேள்வியே எழாது. வேறு வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் கையேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும்.

ஏர் பேக் விஷயம் இதைவிட எளிது. ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை வைத்தால் தொங்கிய பின்பக்கம் நிமிரும், பார்க்க அழகாக இருக்கும். அச்சு தாங்கும் எடை ஒரு பவுண்டுகூட அதிகமாகாது, முன் சக்கரத்துக்கும் பாரம் திரும்பாது. அதிகப் பாரத்தை மறைக்கத்தான் பெரும்பாலும் அது பயன்படுகிறது.

அடுத்து பிரேக். பணத்தையும் கவனத்தையும் முதலில் போட வேண்டிய இடம் இது. பைலட்டின் பிரேக்குகள் முழுப் பாரத்தோடு சுமார் 6,000 பவுண்டை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. பின்னால் ஏற்றிய டிரெய்லரின் 3,600 பவுண்டும் சேர்ந்தால் 9,000-ஐத் தாண்டும். எஞ்சின் அதை இழுத்துவிடும், 285 குதிரைத்திறன் இருக்கிறது. நிறுத்துவதற்கு டிரெய்லருக்குச் சொந்த பிரேக் வேண்டும். நார்த் கரோலினா சட்டப்படி 1,000 பவுண்டும் அதற்கு மேலும் உள்ள வீட்டு டிரெய்லருக்கு ஓட்டுநர் இயக்கும் பிரேக் கட்டாயம். கலிபோர்னியாவில் தங்கும் வசதியுள்ள டிரெய்லருக்கு 1,500 பவுண்ட், கனடாவின் ஒன்டாரியோவில் 1,360 கிலோ என்று ஊருக்கு ஊர் மாறும். சட்டம் கேட்காவிட்டாலும் 1,500 பவுண்டைத் தாண்டினால் பிரேக் இல்லாமல் நான் ஓட்ட மாட்டேன்.

டிராவல் டிரெய்லர்களில் இருப்பது மின்சார பிரேக். டிரம்முக்குள் ஒரு காந்தம், அதற்கு எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவு பிடிப்பு. எவ்வளவு அனுப்புவது என்று முடிவு செய்வதுதான் கன்ட்ரோலரின் வேலை. இரண்டு வகை உண்டு. மலிவான வகை, நீங்கள் பிரேக்கை மிதித்ததும் முன்பே வைத்த அளவுக்கு மெல்ல மெல்ல ஏற்றும். நீங்கள் லேசாகத் தொட்டீர்களா, நாய் குறுக்கே வந்து அழுத்தி மிதித்தீர்களா என்று அதற்குத் தெரியாது. இன்னொன்று புரபோர்ஷனல் வகை. வண்டி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று உள்ளே உள்ள உணரி அளந்து, அதற்கேற்ப அனுப்பும். இரண்டாவதை வாங்குங்கள். விலை வித்தியாசம் நூறு டாலருக்கு முன்னே பின்னே இருக்கும், அதில் சிக்கனம் வேண்டாம். டெகோன்ஷா ப்ராடிஜி பி3 பலரும் போடுவது. டேஷ்போர்டில் கம்பி இழுக்க மனமில்லை என்றால் கர்ட் எக்கோ போல ஏழு முனை சாக்கெட்டிலேயே செருகி போனில் இயக்கும் வகையும் வந்துவிட்டது. ஆனால் டிரெய்லர் ஆடும்போது கை தானாகப் போய்ப் பிடிக்க, டிரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்கும் ஒரு நிஜமான நெம்பு வேண்டும் என்பதால், டேஷில் பொருத்தும் வகையே எனக்குப் பிடிக்கும். போன் திரையைத் தேடுகிற நேரமல்ல அது.

மாட்டியதும் அளவு அமைக்க வேண்டும். பலர் இதைச் செய்வதே இல்லை, கடையில் எந்த எண்ணில் கொடுத்தார்களோ அதிலேயே வருஷக்கணக்கில் ஓட்டுகிறார்கள். காலியான, சமமான, உலர்ந்த தார்ச் சாலையில் ஏற்றிய டிரெய்லரோடு மணிக்கு 20, 25 மைலில் போங்கள். கால் பிரேக்கைத் தொடாமல் கை நெம்பை மட்டும் முழுதாகத் தள்ளுங்கள். டிரெய்லர் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு தேய்ந்தால் கெயின் (கன்ட்ரோலரில் வைத்த பிடிப்பின் அளவு) அதிகம், குறையுங்கள். வண்டியின் வேகம் சும்மா பேருக்குக் குறைந்தால் ஏற்றுங்கள். பூட்டும் நிலைக்குச் சற்றுக் கீழே நிறுத்த வேண்டும். டிரெய்லர் காலியாகத் திரும்பும்போதும், மழையிலும் மறுபடி பார்க்க வேண்டும்.

இதோடு சேர்ந்தது பிரேக்அவே சுவிட்ச். டிரெய்லர் கழன்றுவிட்டால் ஒரு கம்பி இழுபட்டு, டிரெய்லரில் உள்ள 12 வோல்ட் பேட்டரி பிரேக்கைத் தானே பிடித்துவிடும். அந்தக் கம்பியைப் பாதுகாப்புச் சங்கிலியில் மாட்டாதீர்கள், வண்டியிலேயே தனி இடத்தில் மாட்டுங்கள். பால் மவுண்டில் மாட்டவே கூடாது, மவுண்டே கழன்றால் எல்லாம் சேர்ந்து போகும். பேட்டரி செத்திருந்தால் சுவிட்ச் அலங்காரப் பொருள்தான். அதனால் சீசன் தொடக்கத்தில் பின்னைப் பிடுங்கிப் பார்த்து, சக்கரம் பிடிக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஹிட்ச்சைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு அங்குல ரிசீவர் (பால் மவுண்டைச் செருகும் சதுரக் குழாய்), ஹோண்டாவின் சொந்த உதிரியோ கர்ட், டிரா-டைட் போன்றவையோ, உங்கள் மாடலுக்கென்று செய்ததாகவும், வண்டியில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் போடுவதாகவும் இருக்க வேண்டும். ஒன்றேகால் அங்குல ரிசீவர் இந்த எடைக்குப் போதாது. பந்தின் அளவு, அதன் மேல் கவிழ்ந்து பூட்டும் டிரெய்லரின் கப்ளரில் அச்சிட்டிருக்கும், இந்த எடைக்குப் பெரும்பாலும் இரண்டு அங்குலம். 1⅞ அங்குலப் பந்தின் மேல் இரண்டு அங்குலக் கப்ளர் உட்கார்ந்த மாதிரியே தெரியும், முதல் பள்ளத்தில் துள்ளி வெளியே வந்துவிடும். டிரெய்லர் தரைக்கு இணையாக நிற்கும்படி பால் மவுண்டின் இறக்கத்தைத் தேர்ந்தெடுங்கள், மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கவே கூடாது. கப்ளரைப் பூட்டிய பிறகு டிரெய்லரின் ஜாக்கைச் சுற்றி வண்டியின் பின்பக்கம் லேசாகத் தூக்குகிறதா என்று பாருங்கள். தூக்கினால் பூட்டு சரி, பந்தை விட்டு எழுந்தால் பூட்டவில்லை. அரை நிமிட வேலை. சங்கிலி இரண்டையும் கப்ளருக்குக் கீழே குறுக்காகப் போடுங்கள், கப்ளர் விழுந்தாலும் தரையில் குத்தாமல் தாங்கும்.

வயரிங்கில் நான்கு முனை போதாது. அது விளக்குகளுக்கு மட்டும்தான். பிரேக்குக்கு ஒன்று, டிரெய்லர் பேட்டரிக்கு ஒன்று, ரிவர்ஸுக்கு ஒன்று என்று மூன்று கூடுதல் இணைப்புகள் ஏழு முனையில்தான் கிடைக்கும். இப்போதைய வண்டிகளின் பின் விளக்குக் கம்பிகளை வெட்டி ஒட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். உங்கள் மாடலுக்கான ஹார்னஸ் கிடைக்கும், செருகினால் போதும்.

கண்ணாடி: டிரெய்லர் ஏழரை, எட்டு அடி அகலம் இருந்தால் பைலட்டின் சொந்தக் கண்ணாடியில் டிரெய்லரின் சுவர் மட்டும்தான் தெரியும். கிளிப் போட்டு மாட்டும் நீட்டுக் கண்ணாடி இரண்டு பக்கமும் வேண்டும். கியர்பாக்ஸ் கூலிங்குக்கு உங்கள் பைலட்டில் தனியாக எதையும் சேர்க்க வேண்டியதில்லை, டிரெய்லர் இழுப்பதற்கென்று டோ மோட் இருக்கிறது, அதைப் போடுங்கள். ஆனால் கியர்பாக்ஸ் எண்ணெயையும் பின் டிஃபரன்ஷியல் எண்ணெயையும் வழக்கத்தைவிடச் சீக்கிரமே மாற்றிவிடுங்கள்.

டயர் விஷயத்தில் வண்டியைவிட டிரெய்லரே ஆபத்து. டிரெய்லருக்கென்று எஸ்டி எனத் தொடங்கும் தனி டயர்கள் உண்டு. பக்கவாட்டில் வேகக் குறியீடு இல்லாத எஸ்டி டயருக்கு 65 மைல்தான் எல்லை. காற்று குளிர்ந்த நிலையில், டிரெய்லர் ஸ்டிக்கரில் சொன்ன அளவு. நிறுத்தியே கிடக்கும் டிரெய்லரில் டயர் தேய்வதில்லை, வெயிலில் வெந்து உள்ளே பிரிகிறது. டயரின் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் செய்த வாரமும் ஆண்டும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். ஐந்தாறு வருஷம் ஆகிவிட்டால் புதுசு போல மின்னினாலும் மாற்றுங்கள். பழைய டிரெய்லர் வாங்கினால் நான்கு டயர் விலையை முதலிலேயே பேரத்தில் கழித்துப் பேசலாம். டிரெய்லருக்கும் ஒரு காற்றழுத்தக் காட்டி போட்டுக்கொள்ளுங்கள், டிரெய்லரில் டயர் வெடித்தால் ஓட்டுநருக்குச் சில சமயம் தெரிவதே இல்லை. சக்கர நட்டுகளை முதல் 50 மைலில் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு கணக்கும் காகிதத்தில்தான். உண்மையை எடை மேடை சொல்லும். நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்புகளில் கேட் ஸ்கேல் இருக்கிறது, சில பத்து டாலருக்குள் முடிந்துவிடும். முழுக் குடும்பமும் சாமானும் ஏறிய பிறகு, டிரெய்லர் இல்லாமல் வண்டியை மட்டும் ஒரு முறை, டிரெய்லரோடு ஒரு முறை எடை போடுங்கள். மேடை மூன்று பகுதியாக இருக்கும், முன் அச்சு ஒன்றில், பின் அச்சு இன்னொன்றில், டிரெய்லர் மூன்றாவதில் நிற்கும்படி நிறுத்துங்கள். இரண்டாவது சீட்டில் வண்டியின் இரண்டு அச்சு எடையையும் கூட்டி, முதல் சீட்டில் உள்ளதைக் கழித்தால் வருவது முன்பாரம். முன் அச்சு எவ்வளவு லேசானது என்பதும் அதே சீட்டில் தெரியும். பின் அச்சு எடையை, கதவுத் தூணில் உள்ள இன்னொரு ஸ்டிக்கரின் பின் அச்சு எல்லையோடு ஒப்பிடுங்கள். முன்பாரம் கூடியிருந்தால் டிரெய்லருக்குள் கனமானதை அச்சுக்கு நேர் மேலே நகர்த்துங்கள். குறைந்திருந்தால் சற்று முன்னே. டிரெய்லரின் பின் பம்பரில் நான்கு சைக்கிளைத் தொங்கவிடும் பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு இருக்கிறது, முன்பாரத்தைத் தின்பதற்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

ஓட்டும்போது வேகம்தான் எல்லாம். 55-க்கும் 65-க்கும் இடையே பத்து மைல்தானே என்று தோன்றும். நிறுத்த வேண்டிய ஆற்றல் கிட்டத்தட்ட 40 விழுக்காடு கூடுகிறது, டிரெய்லர் ஆடும் வாய்ப்பும் வேகத்தோடு ஏறும். கலிபோர்னியாவில் எதை இழுத்தாலும் 55தான் சட்டம். நம் பக்கம் அப்படி இல்லை, ஆனால் நீங்கள் 60-ஐத் தாண்ட வேண்டாம். பெட்ரோல் கேலனுக்குப் பத்து, பதினொரு மைல் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். 18.5 கேலன் தொட்டி, ஆக 150 மைலுக்கு ஒரு பங்க் என்று திட்டமிடுங்கள்.

டிரெய்லர் ஆட ஆரம்பித்தால்: கால் பிரேக்கை மிதிக்காதீர்கள், எதிர்ப்பக்கம் திருப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கன்ட்ரோலரின் கை நெம்பைத் தள்ளுங்கள். டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகும். பைலட்டில் டிரெய்லர் ஸ்டெபிலிட்டி அசிஸ்ட் இருக்கிறது, அதுவும் உதவும். அடங்கியதும் ஓரமாக நிறுத்தி, ஏன் ஆடியது என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் பின்பாரம்தான்.

உங்கள் வழியில் கவனிக்க வேண்டிய இடம், ஐ-40-இல் பிளாக் மவுண்டனுக்கும் ஓல்ட் ஃபோர்ட்டுக்கும் நடுவில் உள்ள மலை. போகும்போது ஏற்றம், அது பிரச்சினை இல்லை, வலப்பக்கத் தடத்தில் லாரிகளோடு மெதுவாக ஏறுங்கள். திரும்பி வரும்போது மைல் கணக்கில் செங்குத்தான இறக்கம், பிரேக் போன லாரிகள் ஏறி நிற்பதற்கான சரிவுப் பாதைகள் அங்கே சும்மா வைக்கப்படவில்லை. உச்சியிலேயே, இறக்கம் தொடங்கும் முன், பேடல் ஷிஃப்டரால் கியரைக் குறைத்து வேகத்தை 45 அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கி, வேகம் ஏறினால் அழுத்தமாக ஒரு முறை பிரேக், பிறகு காலை எடுத்துவிட வேண்டும். லேசாக மிதித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் வெந்துபோகும்.

தண்ணீரை வீட்டிலிருந்து சுமக்காதீர்கள். ஸ்மோக்கி பூங்காவின் முகாம்களில் இடத்துக்கு இடம் மின்சார, தண்ணீர் இணைப்பு கிடையாது, ஆனால் குடிநீர்க் குழாய்கள் உண்டு. ஸ்மோக்மான்ட், கேட்ஸ் கோவ் இரண்டிலும் கழிவுநீர் கொட்டும் இடமும் இருக்கிறது, காலி செய்துவிட்டுக் கிளம்பினால் திரும்பும் எடையும் குறையும். ஸ்மோக்மான்ட் செரோக்கி பக்கம் இருப்பதால், நியூஃபவுண்ட் கேப்பின் 5,046 அடி உயரத்துக்கு டிரெய்லரை ஏற்றி இறக்காமலே போய்ச் சேரலாம். முதல் பயணத்துக்கு அதையே எடுங்கள், டிரெய்லரை முகாமில் கழற்றி வைத்துவிட்டு வண்டியில் மட்டும் சுற்றுங்கள். காட்லின்பர்க் பக்கம் ரோரிங் ஃபோர்க் சாலையில் டிரெய்லருக்கு அனுமதியே இல்லை.

டிரெய்லர் பெரிதாகத்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டால், வண்டியை மாற்றுவதுதான் வழி. ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் டுராங்கோ இரண்டும் வி6 எஞ்சினிலேயே உரிய டோ பேக்கேஜோடு 6,200 பவுண்ட் இழுக்கும். டொயோட்டா ஹைலேண்டர் வாங்கினால் ஹைப்ரிட் 3,500 பவுண்ட்தான் என்பதைக் கவனியுங்கள். ஷோரூமில் எதைப் பார்த்தாலும் இழுவை எண்ணைக் கேட்பதற்கு முன் ஓட்டுநர் கதவைத் திறந்து மஞ்சள் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஒரே மாடலில் சன்ரூஃப், பெரிய சக்கரம், கூடுதல் வசதி எல்லாம் உள்ள வண்டிக்கு அந்த எண் குறைவாக இருக்கும், விலை அதிகமாக இருந்தாலும்.